அழைப்புமணிக்குப் பக்கத்தில் என் பெயர்

அக்டோபர் 9, திங்கள். புடாபெஸ்ட்

காலை ஏழே காலுக்கு விமானம் இறங்கியது. திருவனந்தபுரத்தில் ஏறியதிலிருந்து கணக்குப் பார்த்தால் பதினேழு மணி நேரம். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. ஆனாலும் உட்கார முடியவில்லை. அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று குழுவாகக் கூட்டிப்போகிறார்களே, அதை விட்டுவிட்டு இது என்ன ஊர் என்று. பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று வருடம் அணையும் பாலமுமாகக் கழித்தவன் நான். ஒரே ஆற்றின் மேல் இத்தனை பழைய பாலங்கள் உள்ள ஊரைப் பார்க்க எனக்கு ஆசை இருக்காதா? அவ்வளவுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

வடிவு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. குற்றாலத்துக்குக் கூப்பிட்டாலே மூன்று நாள் யோசிக்கிறவள், நான் புடாபெஸ்ட் என்று சொன்னதும், "சரி, போவோம்" என்றாள். முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியும் இவளைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

அவளுடைய பெட்டி இருபத்திரண்டு கிலோ. இங்கே வந்து திறந்து பார்த்தால் நார்த்தங்காய் ஊறுகாய், சுண்டவத்தல், கூழ்வடகம், இட்லிப்பொடி.

"ஏழு நாளைக்கு இவ்வளவு எதுக்கு?"

"வெளிநாட்டுச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கிடாதுல்லா."

எனக்கு ரத்தக்கொதிப்பு வந்து நான் ஊறுகாயை விட்டு நாலு வருடம் ஆகிறது. அது அவளுக்கும் தெரியும்.

ஓட்டல் பழைய கட்டடம். நடுவில் முற்றம், சுற்றிலும் மாடிக்கு மாடி இரும்புக் கிராதி போட்ட நடைபாதை. ஏழு நாளைக்கும் காலை, மாலை என்று பிரித்துத் திட்டம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். நாளை சங்கிலிப் பாலம்.

அக்டோபர் 10, செவ்வாய்

சங்கிலிப் பாலத்தை நடந்து கடந்தோம். 1849இல் திறந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் இந்த ஊர்ப் பாலங்கள் அத்தனையையும் வெடி வைத்துத் தகர்த்திருக்கிறார்கள். நான்கே வருடத்தில் இதைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். தூண்களில் பழைய கல் எது, புதுக்கல் எது என்று தடவிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. டான்யூப் அகலம்தான், ஆனால் நிறம் கலங்கல். தாமிரபரணி தண்ணீரின் தெளிவு இதற்கு இல்லை.

பாலத்தின் நடுவில், எங்களுக்கு முன்னால், நம் ஊர்ப் பெண் போல ஒருத்தி ஒற்றைப் பின்னலோடு போனாள். கொஞ்ச தூரம் வேகமாக நடந்து அவளைத் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரோ. இரும்புக் கோர்ப்பைப் பார்க்கப் போனதாக வடிவிடம் சொன்னேன்.

கயிற்று ரயிலில் குன்றின் மேல் ஏறினோம். வண்ண ஓடு வேய்ந்த தேவாலயம். அதற்கு முன்னால் கோபுரங்களும் படிகளுமாக ஒரு வெள்ளை மதில். அங்கிருந்து பார்த்தால் ஆற்றுக்கு அக்கரையில் ஊர் முழுவதும் விரிந்து கிடக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் தரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற காவலாளியிடம் எட்டாவது வட்டாரம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். சும்மா, தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.

"என்ன தேடுதிய?" என்றாள் வடிவு.

"ஒண்ணுமில்ல. வரைபடத்த சரிபாக்கேன்."

மத்தியானம் ரொட்டிக் கடையில் அவள் கடைக்காரியிடம் 'கோசோனோம்' என்றாள். அந்த அம்மாள் முகம் மலர்ந்துபோய் இன்னும் ஒரு ரொட்டியை எடுத்துப் பையில் போட்டாள்.

"அது என்ன வார்த்தை?"

"நன்றின்னு அர்த்தம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"யூடியூப்ல பாத்தேன்."

வீட்டில் அவள் யூடியூபில் கோலம் தவிர எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

அக்டோபர் 11, புதன்

காலையில் வடிவு வெந்நீர்க் குளத்துக்குப் போவதாகச் சொன்னாள். இந்த ஊரில் பூமிக்கு அடியிலிருந்து வெந்நீர் ஊறுகிறது, அதில் குளித்தால் மூட்டுவலி போகும் என்கிறார்கள். தனியாக எப்படிப் போவாய் என்று கேட்டதற்கு, ஓட்டல்காரப் பெண் வழி சொல்லியிருப்பதாகச் சொன்னாள். சரி என்றுவிட்டேன். எனக்கும் தனியாகக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

எழுதத்தான் வேண்டும். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை.

என் மகள் மங்கையர்க்கரசி இந்த ஊரில் இருக்கிறாள். கணிதத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். மூன்று வருடமாக எங்களுக்கும் அவளுக்கும் பேச்சில்லை. போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் தவறுதலாக எங்கள் வீட்டு முகவரிக்கு வந்தது. அதில் அவளுடைய இந்த ஊர் முகவரியும் இருந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். முகவரி இருந்த துண்டை மட்டும் கிழிக்கவில்லை.

ஆறாம் எண் டிராமில் போய் இறங்கி, இரண்டு முறை வழிதவறி, அந்தத் தெருவைக் கண்டுபிடித்தேன். சின்னத் தெரு. ஒரு பக்கம் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை, எதிரே ஐந்து மாடிக் கட்டடம். பெரிய மரக்கதவு. பக்கத்துச் சுவரில் பித்தளைப் பலகை, வீட்டுக்கு ஒரு அழைப்புமணி, மணிக்குப் பக்கத்தில் பெயர். மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். ஹோர்வாத், கிஷ், நாஜ். அதற்குக் கீழே என் பெயர்.

'ஆவுடையப்பன் எம்.'

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் புரிந்தது. இங்கே குடும்பப் பெயரை முன்னால் எழுதுகிறார்கள், நாம் இனிஷியலை முன்னால் போடுகிற மாதிரி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று கேட்கிற கட்டத்தில் நாம் அப்பா பெயரைத்தானே நிரப்புகிறோம். எனக்கு மகளே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். இங்கே தபால்காரனும் பால்காரனும் அவளை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

மணியை அழுத்தவில்லை. நான் எதற்கு அழுத்த வேண்டும்? போனது அவள். கல்யாணப் பத்திரிகை அடித்து இருநூறு வீட்டுக்குக் கொடுத்தபிறகு, பத்து நாள் இருக்கையில், "எனக்கு இஷ்டமில்லப்பா" என்றது அவள். எந்த அப்பாவும் செய்வதைத்தான் நான் செய்தேன்.

சைக்கிள் கடை ஓரமாக நாற்பது நிமிடம் நின்றேன். இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னலின் திரை ஒருமுறை அசைந்தது. காற்றாக இருக்கும்.

வடிவு ஒரு மணிக்கு வந்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி. கூந்தல் காய்ந்தே இருந்தது. தலை நனைக்கவில்லை என்றாள்.

அக்டோபர் 12, வியாழன்

பெரிய தேவாலயத்துக்குப் போனோம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஆண்ட முதல் ராஜாவின் வலது கையை அங்கே கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள். உடம்பு இல்லை, கை மட்டும். கறுத்துச் சுருங்கி, விரல் மடங்கி, முஷ்டி பிடித்த மாதிரி இருக்கிறது. ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்துக் கும்பிட்டுப் போகிறார்கள்.

வடிவு வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள்.

"கைய மட்டும் வெச்சிருக்காவ," என்றாள்.

"புனிதராம். அதான்."

"அந்தக் கை என்னெல்லாம் செஞ்சுதோ."

நான் அங்கே நிற்கவில்லை. வெளியே வந்து படியில் நின்றேன். அவள் வருவதற்குக் கால்மணி ஆயிற்று.

நடக்கும்போது நான் பேசுவதற்கு அவள் பாதி நேரம் பதில் சொல்வதில்லை. இடது காது கொஞ்சம் மந்தம். வயதாகிறது. ஊராக இருந்தால் கத்திச் சொல்லலாம். இங்கே கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

சாயங்காலம் பாராளுமன்றக் கட்டடம். உள்ளே போகக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, ஆற்றோரமாக மேலும் கீழும் நடந்தேன். "உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது," என்று வடிவு இரண்டு தடவை சொன்னாள்.

அறைக்கு வந்து சட்டை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். ஊறுகாயும் வத்தலும் இட்லிப்பொடியும் காணோம்.

"கூட்டித் துடைக்க வார அம்மாவுக்குக் குடுத்துட்டேன். பாவம், ஆசையாக் கேட்டா."

நார்த்தங்காய் ஊறுகாயை ஒரு வெள்ளைக்காரி ஆசையாகக் கேட்டாளாம்.

அக்டோபர் 13, வெள்ளி

மழை. எங்கும் போகவில்லை. வடிவு மட்டும் பெரிய சந்தைக்குப் போய் வந்தாள். எனக்குத் தலைவலி.

அக்டோபர் 14, சனி

நேற்று எழுதியது பொய்.

வடிவு சந்தைக்கென்று கிளம்பிப் போனதும், நானும் குடையை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது கதவு திறந்தது. நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் வெளியே வந்தாள். நான் உள்ளே போவதற்காக நிற்கிறேன் என்று நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் உள்ளே போனேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் மாடி. கிராதி ஓரமாக நடந்தால் மூன்றாவது கதவில் அதே பெயர். உள்ளே எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். கருவேப்பிலை வாசனை. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். அப்போது உள்ளே யாரோ சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

வடிவுதான்.

"அத இன்னொரு தடவ சொல்லு, இன்னொரு தடவ சொல்லு," என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். மகள் ஏதோ சொன்னாள். குரல் மட்டும் கேட்டது, என்ன சொன்னாள் என்று விளங்கவில்லை. நான் தூக்கிய கையை இறக்கிக்கொண்டு படியிறங்கினேன். டிராமில் ஏறாமல் மழையில் நடந்தே ஓட்டலுக்கு வந்தேன். என் வீட்டில் இந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நினைவுக்கு வரவில்லை.

இன்று காலை, காப்பி குடிக்கும்போது கேட்டேன்.

"நேத்து சந்தையில என்ன வாங்கின?"

பையிலிருந்து சிவப்பாக ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "மிளகாப்பொடி. இந்த ஊர்ல இதுதான் பேர்போனது."

"எந்த மாடியில விக்காவ? ரெண்டாம் மாடியிலயா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். பயப்படவில்லை.

"வந்தியளா?"

"வந்தேன். கதவு வரைக்கும்."

"புதன்கிழமையும் வந்திய. சைக்கிள் கடைக்கிட்ட நின்னிய. ஜன்னல் வழியா நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

"பாத்துக்கிட்டு ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா மேல வந்து என்ன செய்வியன்னு எங்களுக்குத் தெரியலியே."

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். மறுபடியும் உட்கார்ந்தேன்.

"எத்தன நாளா இது?"

"அவ போன மறுவாரத்துலருந்து. வாரத்துக்கு ரெண்டு தடவ பேசுவோம், நீங்க லைப்ரரிக்குப் போற நேரத்துல. புடாபெஸ்ட்னு நீங்க சொன்ன அன்னைக்கே அவட்ட சொல்லிட்டேன். டிராம் நம்பரெல்லாம் அவதான் சொல்லிக்குடுத்தா." கோப்பையை ஓரமாக நகர்த்தினாள். "இதையும் கேட்டுக்கிடுங்க. பீரோவத் திறந்து அவ பாஸ்போர்ட்ட எடுத்துக் குடுத்தது நான்தான். ரூம் கதவத் திறந்துவிட்டதும் நான்தான்."

"அன்னைக்குக் கேட்டப்போ இல்லன்னியே."

"கேட்டிய," என்றாள். "எப்படிக் கேட்டிய?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

நான் வெளியே போனேன். பச்சைப் பாலத்தில் அக்கரைக்குப் போய், வெள்ளைப் பாலத்தில் திரும்பி, சங்கிலிப் பாலத்தில் மறுபடியும் அக்கரைக்குப் போனேன். எந்தப் பாலத்தையும் நான் பார்க்கவில்லை. நாலு மணிக்கு அறைக்கு வந்தபோது வடிவு துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வருவா. ஆத்துக்கு நடுவுல தீவு இருக்குல்லா, அங்க. அர மணி நேரம். நான் தள்ளி உக்காந்திருப்பேன். வாரியளா?"

"வாரேன்," என்றேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

என்ன பேச வேண்டும் என்று காலையில் ஒரு தாளில் எழுதினேன். கல்யாணம் நின்றதால் மாப்பிள்ளை வீட்டார் பேசியது, என் தம்பி வீட்டு விசேஷத்தில் என்னை ஒதுக்கியது, நான் பட்ட அவமானம் என்று ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மார்கிட் பாலம் நடுவில் வளைகிறது. வளைவிலிருந்து ஒரு கிளை பிரிந்து தீவில் இறங்குகிறது. டிராம் பாலத்தின் நடுவிலேயே நிற்கிறது. இறங்கி நடந்தோம். நீரூற்று ஒன்றைச் சுற்றி ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். வடிவு அங்கே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் காலியாக இருந்த பெஞ்சில் நான் போய் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

மங்கை சைக்கிளில் வந்தாள். நீலக் கோட்டு. கூந்தலைத் தோள்வரை வெட்டியிருக்கிறாள். முப்பத்தொரு வயதுக்குக் கொஞ்சம் மெலிவு. சைக்கிளை மரத்தோடு சேர்த்துப் பூட்டினாள். அந்தப் பூட்டைப் பூட்ட அத்தனை நேரம் ஆகாது.

"வாங்க," என்றாள், வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்வது போல. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்க?"

"நல்லாருக்கேன். உங்களுக்கு பிரஷர் எப்படி?"

"மாத்திரையில ஓடுது." தாள் இருந்த பையைத் தொட்டுக்கொண்டேன். "மங்கை, அன்னைக்கு ஊர்ல என் நெலம என்னன்னா…"

"ஊர விடுங்கப்பா. நீங்க என்ன செஞ்சிய? அத மட்டும் சொல்லுங்க."

"என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உங்க வாயால கேக்கணும்."

எதிரே குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"உன்ன ரூம்ல வெச்சுப் பூட்டினேன்."

"எத்தன நாள்?"

"ரெண்டு நாள்."

"மூணு."

"மூணு நாள். செல்போன வாங்கிட்டேன். பாஸ்போர்ட்ட பீரோவுல வெச்சுப் பூட்டினேன். சாப்பிட மாட்டேன்னு நீ தட்டத் தள்ளினப்போ அடிச்சேன்."

"ம்."

"அவ்வளவுதான்."

"எனக்கு வேற யாரோ இருக்கான்னு நெனச்சிய, இல்ல?"

"ஆமா."

"ஒருத்தனும் இல்ல. சீட் கிடைச்சிருக்கு, படிக்கணும்னு சொல்ல வந்தேன். பாதிதான் சொன்னேன். மீதிய நீங்க கேக்கல."

நேரம் போய்க்கொண்டிருந்தது. கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் நீரூற்றுப் பக்கம் பார்த்தாள். வடிவு எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாவுக்கு எடது காது எப்பருந்து கேக்கல?"

வயசாகுதுல்லா என்ற வார்த்தை என் வாய்வரை வந்துவிட்டது.

"அம்மாட்ட கேட்டேன். வயசுன்னுட்டா," என்றாள் மங்கை. "போன்ல எப்பவும் வலது காதுலதான் பேசுவா, அதனால எனக்குத் தெரியல. இங்க வந்தப்புறம்தான் பாத்தேன். எடது பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கா. உங்ககிட்ட கேக்கேன்."

இதை எழுதும்போது இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். ஆனால் எழுதத்தான் வேண்டும். அவளிடம் சொல்லிவிட்டதை இந்த நோட்டிடம் மறைத்து என்ன பயன்?

"நீ போன அன்னைக்கு. பாஸ்போர்ட்ட நீதானே எடுத்துக் குடுத்தன்னு கேட்டேன். இல்லன்னா. அறைஞ்சேன்."

"ஒரு தடவையா?"

"ரெண்டு தடவ. ரெண்டாவது அறையில காதுலருந்து ரத்தம் வந்துது. டாக்டர்ட்ட போகணும், வலி தாங்கலன்னு சொன்னா. போனா எப்படி ஆச்சுன்னு டாக்டர் கேப்பாரு. வெளிய தெரிஞ்சிரும்னு நான் கூட்டிட்டுப் போகல."

மங்கை எழுந்து சைக்கிள் பக்கம் போனாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இருக்கையைப் பிடித்தபடி நின்றாள். தோள் குலுங்கியது. எழுந்து போய் அந்தத் தோளைத் தொட எனக்குத் துணிவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். இந்த ஊருக்கு வந்தபிறகு ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்தது அப்போதுதான்.

திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தாள். உட்காரவில்லை.

"இதுக்கு நான் இன்னைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்குச் சொல்லத் தெரியல."

"சரி."

"அம்மா இங்க இருக்கட்டும். விசா இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு. காது டாக்டர்ட்ட நேரம் வாங்கியிருக்கேன்."

"அவட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ."

"கேட்டாச்சு. உங்ககிட்ட சொல்லணும்னு சொன்னா. கேக்கணும்னு சொல்லல."

நீரூற்றுப் பக்கம் போய் வடிவின் வலது பக்கம் உட்கார்ந்து ஏதோ பேசினாள். வடிவு அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். என் பையில் இருந்த தாளை நான் வெளியே எடுக்கவே இல்லை.

அக்டோபர் 16, திங்கள். விமான நிலையம்

வடிவுதான் என் பெட்டியை அடுக்கினாள். மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்று காட்டினாள்.

"அரிசி நீல டின்ல இருக்கு. ஒரு டம்ளருக்கு ரெண்டு டம்ளர் தண்ணி, மூணு விசில். பொரியலுக்கு உப்ப கடைசியில போடுங்க. பால்காரர்ட்ட ஒரு பாக்கெட் போதும்னு சொல்லுங்க."

"வருவல்லா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"வாரேன்னு இப்ப சொன்னேன்னா, அது பயத்துல சொன்னதாயிரும். முப்பத்தஞ்சு வருசமா அப்படித்தான் சொல்லியிருக்கேன். இந்தத் தடவ யோசிச்சுச் சொல்லுதேன்."

"நான் செஞ்சது தப்பு வடிவு."

"ஆமா," என்றாள். "தப்புத்தான்." சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

விமான நிலையம்வரை மங்கையும் வந்தாள். பேருந்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு இருக்கையில், நான் பின்னால். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று மங்கை சொன்னாள்:

"வீட்டுக்குப் போனதும் மெசேஜ் போடுங்க."

"உனக்கா, அம்மாவுக்கா?"

யோசித்தாள். அம்மாவும் மகளும் யோசிக்கும்போது ஒரே மாதிரிப் புருவத்தைச் சுருக்குகிறார்கள்.

"அம்மாவுக்கே போடுங்க. நானும் பாத்துக்கிடுதேன்."

உள்ளே வந்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் ஒரு வயதான ஜோடி, இங்கே எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் செல்போனில் பாலங்கள் மட்டும் அறுபத்து நாலு படம். ஒன்றிலும் ஆள் இல்லை.

விமானம் கிளம்ப இன்னும் ஒன்றரை மணி நேரம். ஊரில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கிறேன். வடிவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, பயணம் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், தெரிந்த குடும்பம் ஒன்றில் தங்கியிருக்கிறாள். இப்படிச் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

அக்டோபர் 18, புதன். பாளையங்கோட்டை

நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தேன். வீடு அடைத்துக் கிடந்த வாடை. வந்துவிட்டேன் என்று வடிவுக்கு மெசேஜ் போட்டேன். இரண்டு நீலக் கோடு வந்தது. அரை மணி கழித்து 'சரி' என்று ஒரு வார்த்தை. பதில் போட்டது அவளா, மங்கையா என்று தெரியவில்லை.

சோறு குழைந்துவிட்டது. தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன். மங்கையின் அறை மூன்று வருடமாகப் பழைய சாமான் போட்டுவைக்கிற அறையாகத்தான் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தேன். வெளித் தாழ்ப்பாளைக் கழற்றலாம் என்று திருப்புளி எடுத்துவந்து பார்த்தேன். திருகு துருப்பிடித்து இறுகியிருக்கிறது. கொல்லரைக் கூப்பிட வேண்டும்.

இன்று காலை பால் வாங்க வாசலுக்கு வந்தபோது எதிர்வீட்டு வேலாயுதம் நின்றுகொண்டிருந்தார். பதினெட்டு வருடப் பழக்கம். என் மகள் கல்யாணத்துக்குப் பந்தல்காரரைப் பேசிவிட்டதும், அது நின்றபிறகு போய்ப் பேசி நிறுத்தியதும் அவர்தான்.

"அண்ணாச்சி, எப்ப வந்திய? பயணமெல்லாம் சௌரியமா?"

"சௌரியம்தான்."

"மதினிய எங்க, வெளிய காணோமே?"

முதுகுவலி, தெரிந்த குடும்பம் எல்லாம் தயாராக இருந்தது. பால் பாக்கெட் கையில் சில்லென்று இருந்தது.

"மக வீட்டுல இருக்கா," என்றேன்.

வேலாயுதம் ஓரடி முன்னால் வந்தார். "எந்த மக?"

"எனக்கு இருக்கதே ஒரு மகதான். மங்கை. புடாபெஸ்ட்ல இருக்கா. கணக்குல ஆராய்ச்சி பண்ணுதா."

"நல்ல சேதி அண்ணாச்சி, நல்ல சேதி," என்றார். என்ன சொல்வது என்று தெரியாமல் மறுபடியும் அதையே சொன்னார். பிறகு, "மதினி எப்ப வாராவ?"

"தெரியல. யோசிச்சுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கா. காத டாக்டர்ட்ட காட்டணும்."

"காதுக்கு என்ன?"

பேச்சுச் சத்தம் கேட்டு அவருடைய மனைவியும் வாசலுக்கு வந்து நின்றாள். நான் தெருவைக் கடந்து அவர்கள் வீட்டு நடைவரை போனேன். நான் அறைந்ததில்தான் கேட்காமல் போனது என்று இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.